முதல் கணினி: சிநேகிதிக்கு எதை வாங்கிக் கொடுக்கலாம்?

உங்கள் கேள்வியை ஒருமுறை திருப்பிச் சொல்கிறேன், சரியாக விளங்கிக்கொண்டேனா என்று பாருங்கள். களுவாஞ்சிக்குடியில் இருக்கும் உங்கள் சிநேகிதிக்கு 48 வயது. தையல் கடை வைத்திருக்கிறார், ஊர் மாதர் சங்கத்துக்குச் செயலாளரும் அவர்தான். போன் நன்றாகப் பாவிப்பார், கணினியைத் தொட்டதே இல்லை. சங்கக் கடிதங்கள், கடைக் கணக்கு, சாதாரண தரம் படிக்கும் மகனின் பாடங்கள் இவற்றுக்காக ஒன்று வாங்க வேண்டும். கையில் ஒன்றரை லட்சம் இருக்கிறது. கடைக்காரர் ஐ7 எடுக்கச் சொல்கிறார், சுவிசில் இருக்கும் தம்பி தன் பழைய லப்டொப்பை அனுப்பிவிடுகிறேன் என்கிறார். நீங்கள் இருப்பது அக்கரைப்பற்றில். "ஐ5 போதுமா, ஐ7 தேவையா, புதிதா பாவித்ததா?" என்பது நீங்கள் எழுதிய கேள்வி.

ஆனால் உங்கள் மனதில் இருக்கும் கேள்வி வேறு என்று நினைக்கிறேன். எதை வாங்கிக் கொடுத்தால் இவர் இரண்டு மாதத்தில் அதைத் துணியால் மூடி அலுமாரிக்கு மேல் தூக்கி வைக்காமல் இருப்பார்? மட்டக்களப்பில் கணினி திருத்தும் மேசையிலும் பழக்கும் வகுப்பிலும் பல வருடங்கள் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், பழகியவருக்கும் புதியவருக்கும் உள்ள பெரிய வித்தியாசம் ஒன்றுதான். கணினி இழுபட்டால் நாம் கணினியைத் திட்டுவோம். புதியவர் தன்னைத் திட்டுவார். "நான் எதையோ பிழையா அமத்திட்டன் போல" என்று கையை எடுத்துவிடுவார். பிழை தன்னுடையதா, மெசினுடையதா என்று பிரித்துப் பார்க்க அவருக்கு இன்னும் வழியில்லை. ஆகவே அவருக்கு வாங்கும் கணினி இந்தச் சந்தேகத்தைக் குறைவாகக் கிளப்புவதாக இருக்க வேண்டும். கீழே சொல்லப் போவதெல்லாம் இந்த ஒரு அளவுகோலை வைத்துத்தான்.

முதலில், கணினிதான் வேண்டுமா? வாட்ஸ்அப், யூடியூப், மகனின் சூம் வகுப்பு மட்டும் என்றால் ஒரு டப்லட் போதும் என்று சொல்லியிருப்பேன். ஆனால் பிரதேச செயலகத்துக்குக் கடிதம், சங்க அங்கத்தவர் பட்டியல், சந்தாக் கணக்கு என்று வந்துவிட்டதால் கீபோட்டும் பெரிய திரையும் வேண்டும்தான். சரி, கணினியே.

வேகத்தைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் கணினியின் மூளையான புரொசசரில் தொடங்குவார்கள். நான் ஹார்ட் டிஸ்கில் தொடங்குவேன். பழைய வகை டிஸ்கில் ஒரு தட்டு சுழல, அதன் மேல் ஒரு ஊசிமுனை அங்கும் இங்கும் நகர்ந்து படிக்கிறது. நொடிக்கு நூறு சொச்சம் தடவைதான் அதனால் இடம் மாறிப் படிக்க முடியும். வின்டோஸ் தொடங்கும்போதோ ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளை இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கேட்கும். அதனால்தான் பட்டனை அமத்திவிட்டுத் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தாலும் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. எஸ்எஸ்டி என்ற புதுவகை டிஸ்கில் நகரும் பாகமே இல்லை, அதே வேலையை நொடிக்குப் பல்லாயிரம் தடவை செய்யும். எங்கள் மேசைக்கு "மெதுவாகிவிட்டது, வைரசா பாருங்கள்" என்று வந்த லப்டொப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு நாங்கள் செய்தது டிஸ்கை மாற்றியதுதான். புதியவர் ஒருவர் ஐகனை அமத்துகிறார், ஒன்றும் நடக்கவில்லை, மறுபடியும் அமத்துகிறார், பிறகும் அமத்துகிறார், கடைசியில் ஒரே புரோகிராம் நான்கு ஜன்னலாகத் திறக்கிறது. பயந்துபோகிறார். எஸ்எஸ்டி இருந்தால் இந்தக் காட்சியே வராது. எஸ்எஸ்டி இல்லாத எதையும், எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வாங்க வேண்டாம். 256 ஜிபி அவருக்குத் தாராளம்.

ரேம், அதாவது திறந்திருக்கும் வேலைகளை வைத்திருக்கும் நினைவகம், 8 ஜிபி. வின்டோஸ் 11க்கு 4 ஜிபி போதும் என்று மைக்ரோசொப்ட் எழுதிவைத்திருப்பது உண்மைதான், அது ஏறுவதற்குப் போதும், வேலை செய்வதற்கு அல்ல. பிரவுசரில் நாலைந்து பக்கமும் ஒரு கடிதமும் திறந்திருந்தாலே 4 ஜிபி நிரம்பிவிடும். 16 ஜிபி இருந்தால் நல்லது, ஆனால் அதற்காக வேறொன்றை விட்டுக்கொடுக்கத் தேவையில்லை. பின்னால் கூட்டுவதற்கு, ரேமைச் செருகும் இன்னொரு ஸ்லொட் இருக்கிறதா என்பதை மட்டும் கேளுங்கள். மெல்லிய லப்டொப் பலவற்றில் ரேமை போர்டிலேயே ஒட்டிவிடுகிறார்கள், அதைப் பிறகு யாராலும் கூட்ட முடியாது.

இனி உங்கள் ஐ5, ஐ7 விஷயம். இன்டெல் புரொசசர்களின் வகைப் பெயர்கள் அவை. அந்த இலக்கம் தனியே எதையும் சொல்லாது. அதற்குப் பின்னால் வரும் இலக்கம்தான் தலைமுறையைச் சொல்லும். ஐ7-7500யு என்பது ஏழாம் தலைமுறை, 2016இல் வந்தது, உள்ளே இரண்டே கோர், அதாவது ஒரே நேரத்தில் வேலை செய்யும் இரண்டு பகுதிகள். ஐ3-1215யு என்பது பன்னிரண்டாம் தலைமுறை, 2022இல் வந்தது, ஆறு கோர். பெயரில் 3 இருந்தாலும் அந்த 7ஐ இது இலகுவாக முந்திவிடும். கடைக்காரர் "ஐ7 மெசின்" என்று மட்டும் சொன்னால் "எந்த ஜெனரேஷன்?" என்று கேளுங்கள். நேரே பதில் வராவிட்டால் பதில் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். நான்கு இலக்கமாக இருந்தால் பெரும்பாலும் முதல் இலக்கம் தலைமுறை, 8250 என்றால் எட்டு. 1135, 1215 போல 11, 12 என்று தொடங்கினால் அந்த இரண்டு இலக்கமும் சேர்ந்ததுதான் தலைமுறை. இன்டெலின் போட்டிக் கம்பனியான ஏஎம்டியின் ரைசன் போட்ட மெசின்களும் நல்லவையே, ரைசன் 3 அல்லது 5, 3000 வரிசையோ அதற்கு மேலோ என்றால் யோசிக்க வேண்டாம்.

இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைக்குக் கீழே வேண்டாம் என்பேன். அங்கே ஏன் கோடு போடுகிறேன் என்றால் இரண்டு காரணம். லப்டொப் ஐ5 இரண்டு கோரிலிருந்து நான்கு கோருக்குப் போனது அங்கேதான், 7200யு இரண்டு, 8250யு நான்கு. மற்றது வின்டோஸ். வின்டோஸ் 10க்கான வழமையான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு நிறுத்திவிட்டது. வின்டோஸ் 11 முறைப்படி ஏறுவதற்கு இன்டெலில் ஏறத்தாழ எட்டாம் தலைமுறையிலிருந்துதான் அனுமதி, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் வேண்டும். குறுக்கு வழியில் பழைய மெசினிலும் ஏற்றித் தருவார்கள், வேலையும் செய்யும். ஆனால் அப்படி ஏற்றியதற்குத் தொடர்ந்து அப்டேட் வரும் என்று மைக்ரோசொப்ட் உத்தரவாதம் தரவில்லை. ஒருநாள் அப்டேட் மறுத்தால் அது ஏன் என்று விளங்கிக்கொள்ளக்கூடியவர் இல்லை உங்கள் சிநேகிதி. உங்களுக்கென்றால் பரவாயில்லை, அவருக்கு வேண்டாம்.

புதிதாக வாங்குவதிலும் ஒரு குழி இருக்கிறது, அதை யாரும் சொல்ல மாட்டார்கள். பெட்டி பிரிக்காத, வடிவான, மெல்லிய லப்டொப் ஒன்று மலிவாகக் கண்ணில் படும். உள்ளே பார்த்தால் செலரோன் என்4020 அல்லது என்4500, 4 ஜிபி ஒட்டிய ரேம், 64 ஜிபி இஎம்எம்சி. இரண்டு கோர் உள்ள சிப், எஸ்எஸ்டியைவிட மெதுவான சேமிப்பு, அதிலும் பெரும் பங்கை வின்டோஸே பிடித்துக்கொள்ளும். இரண்டு பெரிய அப்டேட் வந்ததும் "இடம் போதாது" என்று சிவப்பாக எழுதத் தொடங்கும். புதுசு என்பதற்காக அதை எடுப்பதைவிட, கொழும்பில் ஏதோ அலுவலகத்தில் இருந்து வந்த பாவித்த லெனோவோ திங்பாட், டெல் லட்டிடியூட், எச்பி எலிட்புக் வகை ஒன்று பல மடங்கு மேல். அவை கம்பனிகளுக்காகக் கட்டப்பட்டவை. கீபோட் நல்லது, கழற்றித் திருத்தலாம், பாகம் கிடைக்கும்.

டெஸ்க்டொப்பா லப்டொப்பா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யோசித்துப் பார்க்க வேண்டிய விஷயம். அதே காசுக்கு டெஸ்க்டொப்பில் கூடுதல் பலமும் பெரிய திரையும் கிடைக்கும், கதிரையில் நிமிர்ந்து இருந்து வேலை செய்யலாம், ஒரு பாகம் போனால் அந்தப் பாகத்தை மட்டும் மாற்றலாம். நியாயமாகப் பார்த்தால் கடையில் ஒரே மேசையில் இருக்கப் போகிறவருக்கு அதுதான் பொருத்தம். ஆனால் எங்கள் பக்கத்தில் கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று சொல்ல முடியாது. கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் ஓடவைக்கும் யூபிஎஸ் கட்டாயம் வேண்டும், அதற்குள் இருக்கும் பற்றரியும் நம்முடைய வெக்கைக்கு இரண்டு மூன்று வருடத்தில் களைத்துவிடும். எழுதிக்கொண்டிருந்த கடிதம் கண் முன்னே மறைந்தால் புதியவருக்கு அது பெரிய அடி. லப்டொப்பில் கரண்ட் போனாலும் வேலை நிற்காது. மாரியில் வெள்ளம் வீட்டுக்குள் வந்தால் ஒரு கையில் தூக்கிக்கொண்டு போகலாம், சங்கக் கூட்டத்துக்கும் கொண்டு போகலாம். அவருக்கு லப்டொப் என்றுதான் சொல்வேன், கூடவே ஒரு சாதாரண வயர் மவுஸ். அந்த மவுஸை விட்டுவிடாதீர்கள். போனில் விரலால் தட்டிப் பழகியவர்களுக்கு டச்பாட் முதல் மாதம் முழுக்க எரிச்சல்தான்.

திரை 15.6 அங்குலமாக இருக்கட்டும், 1920க்கு 1080 தெளிவோடு. பாவித்த மெசின்களில் 1366க்கு 768 திரை இன்னும் நிறைய ஓடுகிறது. எழுத்து கரடுமுரடாகத் தெரியும், பக்கவாட்டில் பார்த்தால் நிறம் வெளுக்கும். நாற்பதைத் தாண்டிய கண்ணுக்கு நல்ல திரையில் எழுத்தை 125 அல்லது 150 வீதத்துக்குப் பெரிதாக்கி வைத்தால் தலையிடி இல்லை. இந்த அளவில் கீபோட்டின் வலப்பக்கம் இலக்கங்கள் தனியாக இருக்கும் மொடலும் கிடைக்கும், கணக்கு எழுதுகிறவருக்கு அது பெரிய உதவி.

சுவிஸ் லப்டொப்புக்கு வருவோம். தம்பி அன்பாகத் தருகிறார், வேண்டாம் என்று சொல்வது கஷ்டம், அதனால் மொடல் இலக்கத்தையும் புரொசசர் இலக்கத்தையும் முதலில் வாட்ஸ்அப்பில் கேளுங்கள். தலைமுறை சரியென்றாலும் ஒரு வில்லங்கம் இருக்கிறது, கீபோட். சுவிஸ் கீபோட்டில் வை, இசட் இரண்டும் இடம் மாறி இருக்கும். புள்ளி வைத்த ஜேர்மன் எழுத்துகள் வலப்பக்கத்தைப் பிடித்திருக்கும். மின்னஞ்சலுக்கு வேண்டிய அட் குறி 2ஆம் இலக்கத்தில் மூன்றாவது அடையாளமாக ஒளிந்திருக்கும். வின்டோஸில் அமெரிக்கக் கீபோட் என்று மாற்றிவிடலாம்தான், ஆனால் பிறகு விசையில் எழுதியிருப்பது ஒன்று, திரையில் வருவது இன்னொன்று. எனக்கும் உங்களுக்கும் அது சின்ன விஷயம், விசையைப் பார்த்துப் பார்த்து அமத்தும் ஒருவருக்கு அது சித்திரவதை. பிரான்சிலிருந்து வருவதில் இன்னும் மோசம், முதல் வரிசையே மாறியிருக்கும். லண்டன், கனடாவிலிருந்து வரும் ஆங்கிலக் கீபோட்டில் பெரிய தொல்லை இல்லை. மொடல் நல்லதாக இருந்தால் ஆங்கிலக் கீபோட் ஒன்று வாங்கி மாற்றலாம், திங்பாட், லட்டிடியூட் வகைக்கு அது கிடைக்கும். சார்ஜரைப் பற்றிப் பயம் வேண்டாம். அதில் 100 - 240 வோல்ட் என்று எழுதியிருந்தால் எங்கள் 230 வோல்ட்டுக்குச் சரி, சுவரில் செருகும் கேபிளை மட்டும் எங்கள் 13 அம்பியர் பிளக் உள்ளதாக மாற்றினால் முடிந்தது.

தம்பியின் மெசின் சரிவராவிட்டால், எங்கே வாங்குவது? கொழும்பு யூனிட்டி பிளாசாவில் தெரிவு அதிகம், விலையும் கொஞ்சம் இறங்கும். ஆனால் ஒரு கோளாறு வந்தால் அதைப் பொதிசெய்து பஸ்ஸில் போட்டு அனுப்பி, அது திரும்பி வரும் வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும். புதியவருக்கு முதல் மூன்று மாதத்தில் கோளாறு வராவிட்டாலும் கோளாறு போலத் தோன்றும் விஷயம் நிச்சயம் வரும். அப்போது கல்முனையிலோ மட்டக்களப்பிலோ மெசினைத் தூக்கிக்கொண்டு போய் "இதைப் பாருங்களேன் தம்பி" என்று கேட்கக்கூடிய கடை இருந்தால் அதற்கு ஐயாயிரம் கூடக் கொடுத்தாலும் நட்டமில்லை. நான் கடையைத் தெரிவது இப்படித்தான்: சாமான் வாங்குவதற்கு முன் கடைக்குள் திருத்துகிற மேசை இருக்கிறதா என்று பார்ப்பேன். பெட்டி மட்டும் அடுக்கி வைத்திருக்கிற கடையில் திருத்தத் தெரிந்தவர் இருக்க மாட்டார்.

பாவித்ததை வாங்கும்போது அவசரப்பட வேண்டாம், கடையில் ஒரு அரை மணித்தியாலம் எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல கடைக்காரர் கோபிக்க மாட்டார். மெசினை அணைத்த நிலையிலிருந்து போடச் சொல்லுங்கள், ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கும் மெசினைப் பார்ப்பதில் அர்த்தமில்லை. கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அமத்தினால் டாஸ்க் மனேஜர் வரும். அதில் பெர்ஃபோமன்ஸ் பக்கத்துக்குப் போனால் புரொசசரின் முழு இலக்கம், ரேம் எவ்வளவு, இரண்டு ஸ்லொட்டில் எத்தனை நிரம்பியிருக்கிறது, டிஸ்க் எஸ்எஸ்டியா இல்லையா, எல்லாம் ஒரே இடத்தில் தெரியும். கடைக்காரர் சொன்னதும் இதுவும் ஒத்துப்போக வேண்டும். பிறகு நோட்பாட்டைத் திறந்து ஒவ்வொரு விசையாக, ஒன்றுகூட விடாமல் அமத்துங்கள். எங்கள் கரையோரத்து உப்புக் காற்றில் ஈரம் பிடித்த கீபோட்டில் ஏதாவது ஒரு விசை அடம்பிடிக்கும், அது பெரும்பாலும் ஸ்பேஸோ என்டரோதான். முழுத் திரைக்கும் வெள்ளை நிறம் வரச் செய்து கறை, புள்ளி பாருங்கள். மூடியை மெதுவாகத் திறந்து மூடிப் பிணைச்சலைப் பாருங்கள், கிறீச் என்றால் உடையும் நாள் தூரமில்லை. உங்கள் போன் ஹொட்ஸ்பொட்டில் வைபையை இணைத்து ஒரு வீடியோ போடுங்கள், ஸ்பீக்கரும் ஃபேனும் அதிலேயே சோதனையாகிவிடும். எல்லா யூஎஸ்பி துளையிலும் அந்த மவுஸைச் செருகிப் பாருங்கள்.

இரண்டு விஷயம் கண்ணுக்குத் தெரியாது. ஒன்று பற்றரி. கொமாண்ட் புரொம்ட் என்ற கறுப்பு ஜன்னலில் பவர்சிஎஃப்ஜி என்று ஒரே சொல்லாக எழுதி, இடைவெளி விட்டு, ஒரு சாய்கோடும் பற்றரிரிப்போர்ட் என்ற சொல்லும் சேர்த்து (powercfg /batteryreport) என்டர் அமத்தினால் ஒரு அறிக்கை உருவாகும். அதில் பற்றரி புதிதாக இருந்தபோது கொண்ட அளவும் இப்போது முழுதாக நிரம்பினால் கொள்ளும் அளவும் இருக்கும். இப்போதையது பழையதில் பாதிக்குக் கீழே போயிருந்தால் புதிய பற்றரியின் விலையைக் கழித்துக்கொண்டு பேசுங்கள். மற்றது பூட்டு. கம்பனிகளிலிருந்து வரும் மெசின் சிலவற்றில் பயோஸ் (வின்டோஸுக்கு முன் ஓடும் அடிப்படை மென்பொருள்) பாஸ்வேர்ட் நீக்கப்படாமல் இருக்கும், அல்லது அந்தக் கம்பனியின் கணக்கோடு இன்னும் கட்டப்பட்டிருக்கும். வின்டோஸைப் புதிதாக ஏற்றும்போது முன்பின் தெரியாத ஒரு நிறுவனத்தின் பெயர் சொல்லி "வருக" என்றால் அதை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். அதைத் திறக்க அந்தக் கம்பனியால்தான் முடியும்.

இதில் எது உறுதி, எது என் கணிப்பு என்றும் சொல்லிவிடுகிறேன். எஸ்எஸ்டி, 8 ஜிபி, தலைமுறைக் கோடு, வின்டோஸ் திகதி, கீபோட் இவற்றில் எனக்குச் சந்தேகமே இல்லை. பாவித்த மெசின் இன்னும் எத்தனை வருடம் ஓடும் என்பதை எவராலும் சொல்ல முடியாது. அறிக்கையில் 80 வீதம் காட்டிய பற்றரி ஆறு மாதத்தில் படுத்ததும் உண்டு, 60 வீதம் காட்டியது மூன்று வருடம் இழுத்ததும் உண்டு. டெல், எச்பி, லெனோவோ இவற்றில் எது நீடிக்கும் என்று சண்டை பிடிப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கம்பெனிப் பெயரைவிட மொடல் வரிசைதான் முக்கியம் என்பது என் எண்ணம், அதற்கு மேல் அடித்துச் சொல்ல மாட்டேன். பாவித்த மெசினின் உள்நிலையைத் தூரத்திலிருந்து யாரும் சொல்ல ஏலாது, அது தொட்டுப் பார்த்துத்தான் தெரியும். வின்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய லினக்ஸ் பற்றியும் கேட்பார்கள். எனக்கு லினக்ஸ் மின்ட் பிடிக்கும், பழைய மெசினில் அருமையாக ஓடும். ஆனால் நீங்கள் அக்கரைப்பற்றில், அவர் களுவாஞ்சிக்குடியில். அவருக்குப் பக்கத்துக் கடைத் தம்பிக்கும் சங்கத்துப் பிள்ளைகளுக்கும் தெரிந்தது வின்டோஸ். பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தெரிந்ததை வாங்குவதே நல்லது.

கடையில் "எல்லாம் போட்டுத் தாறம், ஓபிஸும் இருக்கு" என்பார்கள். பெரும்பாலும் அது களவுப் பிரதி. அதை இயக்குவதற்கு ஓடவிடும் சின்ன புரோகிராமுக்காக வின்டோஸின் வைரஸ் காவலை நிறுத்திவிடுவார்கள், பல நேரம் அது நிறுத்தியபடியே கிடக்கும். நீதி நியாயத்தை விடுங்கள், சங்கத்தின் வங்கி விபரம் இருக்கப் போகிற மெசின் அது. பெயர்பெற்ற கம்பனி லப்டொப்புகளில் பெரும்பாலும் உண்மையான வின்டோஸ் உரிமம் போர்டிலேயே பதிந்திருக்கும், செட்டிங்ஸில் அக்டிவேஷன் பக்கத்தில் பார்க்கலாம். ஓபிஸுக்குப் பதிலாக லிப்ரெஓபிஸ் இலவசம். கடிதத்துக்கும் சந்தாப் பட்டியலுக்கும் அது தாராளம், சாதாரண தரத்துத் தகவல் தொழினுட்பப் பாடத்துக்கும் பயிற்சி செய்யலாம். மகன் ஐ7 கேட்பான், அது பாடத்துக்கு அல்ல.

தமிழ் எழுதுவதை முதல் நாளே ஒழுங்கு செய்துவிடுங்கள். கடைகளில் கேட்காமலே பாமினி எழுத்துருவைப் போட்டுத் தருவார்கள், இங்கே பல அலுவலகங்கள் இன்னும் அதில்தான் ஓடுகின்றன. ஆனால் பாமினியில் எழுதியது உண்மையில் ஆங்கில எழுத்துகள், தமிழ் உருவத்தைப் போர்த்தியிருக்கின்றன, அவ்வளவுதான். அந்தக் கடிதத்தை அவர் பிரதி பண்ணி வாட்ஸ்அப்பில் போட்டால் "அம்மா" என்ற சொல்கூட ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகப் போய் விழும். திரும்பவும் "நான் என்ன பிழை விட்டன்" என்ற கேள்வி. யூனிகோட் என்ற பொது எழுத்துமுறையில் எழுதினால் போனில், மின்னஞ்சலில், எங்கும் தமிழ் தமிழாகவே இருக்கும். வின்டோஸிலேயே தமிழ்99 விசைமுறையும் ஒலிப்பு முறையும் இருக்கின்றன, மொழிப் பக்கத்தில் தமிழைச் சேர்த்து, அதற்குள் வேண்டிய கீபோட்டைத் தெரிந்தால் போதும். போனில் ஆங்கில எழுத்தால் தமிழ் எழுதிப் பழகியவர் என்றால் ஒலிப்பு முறை அவருக்கு உடனே கைவரும். ஏதாவது அலுவலகம் பாமினியில்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இருக்கின்றன, அல்லது பிடிஎஃப் ஆக்கி அனுப்பலாம். மெனுக்களை மட்டும் ஆங்கிலத்திலேயே விடுங்கள். தமிழில் மாற்றினால் அவருக்கு இலகு என்று தோன்றும், ஆனால் உதவி சொல்கிறவர் எல்லோருக்கும் ஆங்கிலப் பெயர்தான் தெரியும், போனில் வழிகாட்டும்போது இரண்டு பேரும் குழம்புவீர்கள்.

நீங்கள் கையில் எடுத்துக் கொடுப்பதற்கு முன் செய்ய வேண்டியவை இன்னும் சில. அவருடைய போனில் இருக்கும் அதே கூகுள் கணக்கை இதிலும் போடுங்கள், படமும் தொடர்பிலக்கமும் தானாக வந்து நின்றால் பாதிப் பயம் போய்விடும். போன் டேட்டாவில்தான் இணையம் என்றால் அந்த வைபையை மீட்டர்ட் என்று குறித்துவிடுங்கள், இல்லாவிட்டால் வின்டோஸ் அப்டேட் கேட்காமலே ஜிபி கணக்கில் விழுங்கும். இரவு டேட்டா தனியாகத் தரும் பக்கேஜ் என்றால் அப்டேட்டை அப்போது ஓடவிடலாம். மைக்ரோசொப்ட்டின் இணையச் சேமிப்பான ஒன்ட்ரைவ் இலவசமாகத் தருவது 5 ஜிபி. அது தானாகவே டெஸ்க்டொப் முழுவதையும் மேலே ஏற்றத் தொடங்கி, நிரம்பியதும் பயமுறுத்தும் அறிவித்தல்கள் அனுப்பும். அந்தப் பிரதியெடுப்பை நிறுத்திவிட்டு, சங்கக் கோப்புகளை ஒரு பென் டிரைவில் கிழமைக்கு ஒருக்கால் பிரதி எடுக்கப் பழக்குங்கள். பிரவுசரில் "அறிவித்தல் அனுப்பலாமா" என்று எந்தத் தளம் கேட்டாலும் மறுக்கும்படி அமைத்துவிடுங்கள். புதியவர்கள் அதில் அனுமதி என்பதையே அமத்துவார்கள், மறுநாளிலிருந்து திரையின் மூலையில் "உங்கள் கணினியில் வைரஸ்" என்று பொய் எச்சரிக்கை வந்துகொண்டே இருக்கும்.

குயிக் அசிஸ்ட் என்ற வசதி வின்டோஸிலேயே இருக்கிறது. நீங்கள் சொல்லும் இலக்கத்தை அவர் தட்டினால் அக்கரைப்பற்றில் இருந்தபடியே அவருடைய திரையைப் பார்த்து நீங்கள் உதவலாம். கொடுத்த அன்றே ஒருமுறை இருவரும் செய்து பாருங்கள். ஆனால் உங்களைத் தவிர வேறு யார் போன் எடுத்து இலக்கம் சொன்னாலும், வங்கி என்றாலும், மைக்ரோசொப்ட் என்றாலும் அதைத் தட்டக் கூடாது என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிடுங்கள்.

பழக்கும்போது எக்செலில் தொடங்க வேண்டாம். முதல் சில நாள் சீட்டு விளையாட்டு, அந்தச் சொலிடெயர். இழுத்து விடுவது, இரண்டு தரம் அமத்துவது எல்லாம் அதில் தானாகவே கைவரும். இரட்டை அமத்தல் கைகூடாவிட்டால் மவுஸ் அமைப்பில் அதன் வேகத்தைக் குறைத்துவிடலாம், இது பலருக்குத் தெரிவதில்லை. அதற்குப் பிறகு ஃபோல்டர். போனில் படம் என்றால் கலரி, அவ்வளவுதான். எங்கே சேமித்தோம் என்ற கேள்வியே அங்கு இல்லை. கணினியில் அந்தக் கேள்விதான் எல்லாம். எழுதிய கடிதம் "காணாமல்" போனது என்று எங்களிடம் வந்தவர்களில் பலருடைய கடிதம் பத்திரமாக டவுன்லோட்ஸில் இருந்தது. டெஸ்க்டொப்பில் "சங்கம்", "கடை", "மகன்" என்று மூன்று ஃபோல்டரைத் தமிழிலேயே பெயரிட்டு வையுங்கள். முதல் மாதம் எல்லாம் அதற்குள்ளேதான் போக வேண்டும்.

பிரின்டர் இப்போது வேண்டாம். கடிதத்தை பிடிஎஃப் ஆக்கிப் பக்கத்துக் கொமியூனிகேஷன் கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அச்செடுத்துத் தருவார்கள். மாதத்தில் நாலைந்து பக்கத்துக்காக ஒரு பிரின்டரை வாங்கி, பாவிக்காமல் மை காய்ந்து, அதற்கு வேறு திருத்தக் கூலி கொடுப்பானேன்.

கணக்கை முடித்தால் இப்படி: எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேற்பட்ட ஐ5, 8 ஜிபி, 256 ஜிபி எஸ்எஸ்டி, 15.6 முழுத் தெளிவுத் திரை, கம்பனி வரிசை லப்டொப், பாவித்தது, திருத்தும் மேசை உள்ள ஊர்க் கடையிலிருந்து. உங்கள் ஒன்றரை லட்சத்தை முழுதாக மெசினிலேயே போடாமல் மவுஸ், பென் டிரைவ், ஒரு நல்ல சர்ஜ் புரொடெக்டர் (திடீரென ஏறும் மின்னழுத்தத்திலிருந்து காப்பது), பின்னால் வரக்கூடிய புதிய பற்றரி இவற்றுக்கு ஒரு தொகையை ஒதுக்கி வையுங்கள். இடி மின்னல் காலத்தில் சார்ஜரைக் கழற்றி வைக்கவும் சொல்லுங்கள். அதே காசுக்குப் பன்னிரண்டாம் தலைமுறை ஐ3, 8 ஜிபி, எஸ்எஸ்டி உள்ள புதிய லப்டொப் உத்தரவாதத்தோடு கிடைத்தால், பாவித்ததை விட்டுவிட்டு அதையே எடுக்கலாம். எதுவானாலும் பில்லில் மொடலும் சீரியல் இலக்கமும் உத்தரவாதக் காலமும் கையால் எழுதிச் சீல் குத்தி வாங்குங்கள். வாய்ப்பேச்சு உத்தரவாதம் கடையில் வேலை செய்கிற பெடியன் மாறும் வரைக்கும்தான். தம்பி மொடல் இலக்கத்தை அனுப்பினால் இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.